எல்லைக் காணிக்காரரும் இணைய ஏடும்

2025 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 28 ஆம் திகதி வெளியான வர்த்தமானி அறிவித்தல் ஒன்று, யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் ஆகிய மாவட்டங்களில் 5,940 ஏக்கர் காணியைக் குறிப்பிட்டு, அவற்றுக்கு உரிமை கோருவோர் மூன்று மாதத்திற்குள் முன்வரவேண்டும் என்றது. எவரும் முன்வராத காணி அரச காணியாகிவிடும் என்பதே அதன் உட்பொருள். மக்களின் எதிர்ப்பும் உயர் நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட வழக்கும் யூன் மாதத்தில் அதனை நிறுத்தின. ஆபத்து அப்போதைக்கு விலகியது. ஆனால் ஒரு கேள்வி எம் மனதை விட்டு விலகவில்லை. அந்த மூன்று மாதமும் முறைப்படி ஓடி முடிந்திருந்தால், எங்கள் குடும்பங்களில் எத்தனை குடும்பம் கையில் ஆவணத்தோடு காணி அலுவலரின் முன் நின்றிருக்கும்?

உறுதி கனடாவில் மூத்த மகனின் பெட்டியில் இருக்கின்றது. அளவை வரைபடம் 2009 இல் வன்னியில் பதுங்குகுழியோடு போய்விட்டது. எல்லையை அறிந்த பெரியவர் மண்டபம் முகாமில் இருக்கின்றார். வரி கட்டிய பற்றுச்சீட்டு வவுனியாவில் மச்சாள் வீட்டில் கிடக்கின்றது. மனு எழுத வேண்டிய பேரனோ கொட்டாஞ்சேனையில் ஒரு கடையில் வேலை. இவர்கள் அனைவரையும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைக்க மூன்று மாதம் அல்ல, மூன்று வருடமும் போதாது. மேசை இல்லாமலே உட்கார வைக்க வழி உண்டா என்பதே இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் விடயம்.

பொரளையில் இருந்து எழுதும் எமக்கு இது பழைய கேள்வி. 1983 யூலை 24 ஆம் திகதி இரவு கனத்தை மயானத்தில் தொடங்கிய வன்செயல் பொரளைச் சந்தியில் தமிழரின் வீடுகளையும் கடைகளையும் எரித்தபோது, அலுமாரியோடு சேர்ந்து உறுதிகளும் பிறப்பத்தாட்சிப் பத்திரங்களும் எரிந்தன. 1990 யூனில் வலிகாமம் வடக்கு மக்கள் உடுத்த உடையோடு வெளியேறினர். அதே ஆண்டு ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் கொண்டுபோனது. 2007 இல் முள்ளிக்குளம் மக்கள் ஊரை இழந்தனர். 2009 இல் வன்னி முழுவதும் நடந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளம் வந்தது. காரணங்கள் வேறு வேறு. ஆனால் ஒரே இடத்தில், ஒரே பிரதியாக இருந்த கடதாசி ஒவ்வொரு முறையும் அழிந்தது என்பது பொதுவானது.

இணைய ஏடு என்பது என்ன?

கணனியில் கடிதம் எழுதுவது எமது பிள்ளைகளுக்குத் தெரியும். சாதாரணமாக அக்கடிதம் அந்தக் கணனிக்குள்ளேயே இருக்கும். கணனி பழுதானால், களவு போனால், கடிதமும் போகும். கடந்த இருபது ஆண்டுகளாக இன்னொரு முறை வழக்கத்திற்கு வந்துள்ளது. எழுதும் ஏடு எம்முடைய கணனியில் இல்லாமல் இணையத்தின் வழியே வேறோரிடத்தில் இருக்கின்றது. நாம் கைத்தொலைபேசியாலோ கணனியாலோ அதனைத் திறந்து எழுதுகின்றோம். 2005 இல் ஒரு சிறு நிறுவனம் ரைட்லி என்ற பெயரில் இதனைச் செய்தது. அடுத்த ஆண்டு கூகுள் அதனை வாங்கியது. இன்று கூகுள் டொக்ஸ் என்று வழங்குவது அதுவே. மைக்ரோசொப்ட் வேர்டுக்கும் இவ்வாறான இலவச இணையப் பதிப்பு உண்டு. தமிழ்நாட்டில் வளர்ந்த சோஹோ நிறுவனமும் 2005 இலேயே ரைட்டர் என்ற ஏட்டை வெளியிட்டது. அந்நிறுவனம் தென்காசிக்கு அருகில் மத்தளம்பாறை என்னும் கிராமத்திலும் அலுவலகம் வைத்து வேலை செய்கின்றது. ஆகவே இது வெள்ளைக்காரரின் நகரங்களுக்கு மட்டும் உரிய வித்தை என்று எவரும் ஒதுங்க வேண்டியதில்லை.

இந்த ஏட்டில் எமக்குப் பயன்படும் குணங்கள் மூன்று. ஒன்று, ஒரே ஏட்டைப் பலர், பல நாடுகளில் இருந்து, ஒரே நேரத்தில் திறந்து எழுதலாம். ஒருவர் எழுதுவது மற்றவருக்கு அந்த நொடியிலேயே தெரியும். இரண்டு, யார் எப்போது எதை மாற்றினார் என்ற வரலாறு ஏட்டிலேயே பதிவாகின்றது. ஒருவர் தவறுதலாக அழித்தாலும் பழைய படியை மீட்கலாம். மூன்று, ஒருவருக்குப் பார்க்க மட்டும், ஒருவருக்குக் குறிப்புச் சொல்ல மட்டும், ஒருவருக்கு எழுதவும் என்று உரிமையைப் பிரித்துக் கொடுக்கலாம். கூகுள் கணக்கு ஒன்றுக்கு 15 ஜிகாபைற் இடம் இலவசம். கைத்தொலைபேசியில் எடுத்த ஆவணப் படங்கள் ஆயிரக்கணக்கில் அதற்குள் அடங்கும்.

ஒருவரின் காணிக்கு மற்றவரே எல்லை

எங்கள் உறுதிகளை எடுத்துப் பாருங்கள். காணியின் பெயர், பரப்பளவு, அதன்பின் நான்கு எல்லைகள் இருக்கும். கிழக்கே இன்னாரின் காணி, வடக்கே ஒழுங்கை, மேற்கே இன்னாரின் உரித்துக்காரர், தெற்கே வாய்க்கால் என்றுதான் எழுதப்பட்டிருக்கும். அதாவது என் காணிக்கு எல்லை அயலவரின் பெயர், அயலவரின் காணிக்கு எல்லை என் பெயர். எமது முன்னோர் காணியைத் தனித்தனியே எழுதவில்லை. ஊரைச் சேர்த்தே எழுதினர்.

இடம்பெயர்வு காணியைப் பறிக்கும் முன்பே இந்த அயலைச் சிதறடித்துவிட்டது. கதியால் உக்கிவிட்டது. பனை வெட்டப்பட்டது. பங்குக் கிணறு தூர்ந்துவிட்டது. சில இடங்களில் புல்டோசர் போட்டு ஒழுங்கையே இல்லாமல் ஆக்கப்பட்டுள்ளது. இத்தகைய இடத்தில் ஒரு குடும்பம் தனியாகச் சென்று “இது என் காணி” என்று சொல்வது பாதிச் சாட்சி. நான்கு பக்கத்தாரும் அதையே சொன்னால்தான் அது முழுச் சாட்சி.

இங்கேதான் இணைய ஏட்டின் உண்மையான பயன் இருக்கின்றது என்று நாம் கருதுகின்றோம். அழகான கடிதம் அடிப்பது ஒரு சிறு பயன். சிதறிப்போன அயலை ஒரே தாளில் மீண்டும் கூட்டுவதே பெரும் பயன். ஒரு கிராம அலுவலர் பிரிவில் ஐம்பது குடும்பங்கள் இருந்தன என்று வைத்துக்கொள்வோம். ஒரு குடும்பத்திற்கு ஒரு பக்கம். கிழக்கு எல்லை என்று ஒரு குடும்பம் எழுதிய பெயரை, அந்தப் பெயருக்குரிய குடும்பம் தன் பக்கத்தில் மேற்கு எல்லையாக எழுதியிருந்தால் இரண்டும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தும். ஒத்துவராவிட்டால், பிரதேச செயலகத்தின் வாசலில் சண்டை பிடிக்காமல், முன்கூட்டியே பேசித் தீர்க்கலாம். மண்டபத்தில் இருக்கும் பெரியவர் வாயால் சொல்ல, பரிஸில் இருக்கும் மகள் எழுத, வெள்ளவத்தையில் இருக்கும் அயல்வீட்டுப் பேரன் சரிபார்க்கலாம்.

அளவுகளிலும் கவனம் வேண்டும். யாழ்ப்பாணத்தார் பரப்பில் சொல்வர், அலுவலகம் ஏக்கர், றூட், பேர்ச் என்று எழுதும். ஓர் ஏக்கர் 160 பேர்ச். காணியின் வழக்குப் பெயர் ஒன்று, உறுதியில் உள்ள பெயர் இன்னொன்றாகவும் இருக்கலாம். இரண்டையும் எழுதி வைக்க வேண்டும்.

உறுதி இல்லாதோர் என்ன செய்வது?

உறுதி உள்ளவரை மட்டும் நினைத்து இதனைச் சொல்லவில்லை. 1977 இலும் 1983 இலும் மலையகத்தில் இருந்து விரட்டப்பட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களில் பலரிடம் உறுதி என்று ஒன்றும் இருந்ததில்லை. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவரிடமும் அப்பத்திரம் இன்று கையில் இல்லை. கணவரின் பெயரில் இருந்த அனுமதிப்பத்திரம், அவர் காணாமற்போன பின் மனைவிக்கு வந்து சேராத கதைகளும் ஏராளம்.

இவர்களுக்கு ஆவணம் என்பது பல சிறு துண்டுகளின் சேர்க்கை. வாக்காளர் இடாப்பில் இருந்த முகவரி, பிள்ளை பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பதிவு, கமக்காரர் அமைப்பின் பற்றுச்சீட்டு, உரமானியத் துண்டு, பங்கின் திருமுழுக்குப் பதிவேட்டில் எழுதப்பட்ட ஊர்ப்பெயர், வீட்டின் முன் எடுத்த முதல்நன்மைப் படம் என்று அவை பல வகை. தனித்தனியே பார்த்தால் இவற்றில் எதுவும் காணி உரிமையை நிலைநாட்டாது. ஒன்றாகச் சேர்த்து, ஆண்டு வரிசையில் வைத்தால், இன்ன குடும்பம் இன்ன இடத்தில் இன்ன காலம் வாழ்ந்தது என்பதை எவரும் இலகுவில் மறுக்க முடியாது. துண்டுகள் ஆறு வீடுகளில் சிதறிக் கிடக்கும்போது அவற்றை வரிசைப்படுத்த ஒரு பொது ஏடு தேவைப்படுகின்றது.

சட்டத்தின் கதவும் நெடுநாள் திறந்திருப்பதில்லை. போரினால் வெளியேறியவரின் காணியைப் பத்தாண்டு ஆண்டுவிட்டோம் என்று பிறர் உரிமை கொண்டாடுவதைத் தடுக்க 2016 இல் ஒரு விசேட சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்றது. நல்ல சட்டம். ஆனால் அதன்கீழ் வழக்கிட இரண்டு ஆண்டே அவகாசம் தந்தது. ஆவணம் தேடி முடிவதற்குள் அவகாசம் முடிந்தவர்கள் உண்டு. அவகாசம் தொடங்கியபின் தேடுபவருக்கு அல்ல, தொடங்கும் முன் தேடி வைத்தவருக்கே இத்தகைய சட்டங்கள் உதவும்.

தமிழில் எழுதுவது

“எங்களுக்கு ஆங்கிலம் தெரியாதே” என்று பின்வாங்குவோர் பலர். ஆங்கிலம் வேண்டியதில்லை. ஆனால் தமிழ் எழுத்து பற்றி ஒரு விடயம் தெரிந்திருக்க வேண்டும். எமது நாட்டில் நெடுங்காலமாகப் பாமினி போன்ற எழுத்துருக்களில் கடிதங்கள் அடிக்கப்பட்டன. அவற்றில் கணனி தமிழ் என்று எதையும் அறியாது. ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி போட்டதைப் போன்றதே அது. அதே எழுத்துரு இல்லாத இன்னொரு கணனியில் திறந்தால் பொருளற்ற ஆங்கிலக் கிறுக்கல் வரும். பெயரைத் தேடினாலும் அகப்படாது. 1991 இல் வெளியான யுனிகோட் முறையில் முதற்பதிப்பிலேயே தமிழுக்குத் தனியிடம் தரப்பட்டது. அம்முறையில் எழுதினால் எந்தத் தொலைபேசியிலும் தமிழ் தமிழாகவே தெரியும், தேடவும் முடியும். காணி ஏட்டை யுனிகோட்டிலேயே எழுத வேண்டும். இணைய ஏடும் கைத்தொலைபேசியின் தமிழ் விசைப்பலகையும் இயல்பாகவே அதில்தான் எழுதுகின்றன.

எழுதத் தெரியாத பெரியோரும் இதில் பங்குகொள்ளலாம். 2017 இல் கூகுள் தன் குரல்வழி எழுத்து வசதியில் தமிழையும் சேர்த்தது. பேசப் பேச எழுத்து விழும். ஆனால் கருவி எமது ஊர்ப் பேச்சையும் காணிப் பெயர்களையும் பல இடத்தில் பிழையாக எழுதும். ஆகவே பேசியபின் ஒருவர் வாசித்துக் காட்டி, பெரியவர் “சரி” என்று சொன்ன பிறகே அதனை ஏற்க வேண்டும். சிங்களத்தில் வரும் அலுவலகக் கடிதத்தைத் தொலைபேசி ஓரளவு மொழிபெயர்த்துத் தரும். எதைப் பற்றிய கடிதம், எந்தத் திகதிக்குள் பதில் வேண்டும் என்று அறிய அது போதும். கையெழுத்து வைப்பதற்கு முன், மொழி அறிந்த மனிதர் ஒருவரிடம் காட்டியே ஆகவேண்டும்.

மனு எழுதும் கை

கச்சேரி வாசலில் பெட்டிசம் எழுதுபவரை நம்பியே எமது மக்கள் காலம் கழித்தனர். அவர்களில் நல்லவர்கள் உண்டு. ஆயினும் ஒவ்வொரு மனுவும் முதலில் இருந்து தொடங்கியது, முந்திய மனுவின் பிரதி எவரிடமும் இருக்கவில்லை. “2013 இல் நாங்கள் எழுதிக் கொடுத்தோம்” என்றால் “பிரதி எங்கே?” என்பார் அலுவலர். 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டபோது, ஆயிரக்கணக்கான உரிமையாளர் ஒன்றுசேர்ந்து நீதிமன்றம் சென்றனர். ஒன்றுசேர்ந்ததே அவர்களின் பலம். அந்தப் பலத்திற்கு இன்று ஏடும் துணைசெய்யக் கூடும்.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எனது காணி எந்தத் திணைக்களத்தின் கையில், எந்த ஆணையின் கீழ் உள்ளது, விடுவிக்கும் பட்டியலில் உள்ளதா என்று கேட்க எந்தப் பிரசைக்கும் உரிமை உண்டு. தமிழில் கேட்கலாம், மின்னஞ்சலிலும் அனுப்பலாம், எழுத முடியாதவர் வாயாலும் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் தம் முடிவைச் சொல்ல வேண்டும். ஒரு கிராமம் ஒரு நல்ல விண்ணப்பத்தை இணைய ஏட்டில் தயாரித்து வைத்தால், அடுத்த கிராமம் பெயரையும் இடத்தையும் மாற்றி அனுப்பலாம். அனுப்பிய திகதி, பதில் வரவேண்டிய திகதி, வந்த பதில் ஆகியவற்றை ஓர் அட்டவணையில் குறித்து வைத்தால், எந்தக் கடிதமும் மறக்கப்படாது.

யாருடைய சாவி?

இனி நாம் சொல்லப்போவது எம்மைப் போன்ற தொண்டு நிறுவனங்களுக்குக் கசக்கும். ஆழிப்பேரலைக்குப் பின்பும் போருக்குப் பின்பும் முகாம்களில் எத்தனை படிவங்கள் நிரப்பப்பட்டன! பெயர், வயது, இழந்த காணி, இழந்த மாடு என்று அனைத்தும் எழுதப்பட்டன. எழுதியவை மக்களிடம் தங்கவில்லை. திட்டம் முடிந்தது, அலுவலகம் மூடப்பட்டது, உத்தியோகத்தர் வேறு வேலைக்குப் போனார், தகவல் எவருக்கும் பயனின்றிப் போயிற்று. அடுத்த நிறுவனம் வந்து அதே கேள்விகளைக் கேட்டது. தன் துயரத்தை ஐந்து முறை சொன்ன தாய், ஆறாவது முறை வாய் திறக்க மறுத்தால் அவரைக் குறைசொல்ல முடியுமா?

இணைய ஏட்டிலும் இதே தவறு நடக்க வழி உண்டு. கணக்கை நிறுவனத்தின் பெயரில் திறந்து, கடவுச்சொல்லை உத்தியோகத்தர் வைத்திருந்தால், மக்கள் மீண்டும் படிவம் நிரப்புவோராகவே இருப்பர். ஆகவே எமது நிலைப்பாடு இது: காணி ஏட்டின் சொந்தக்காரர் அந்த ஊர் மக்களே. கணக்கு அவர்களின் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். சாவியும் அவர்களிடமே இருக்க வேண்டும். பங்குத்தந்தையோ, அருட்சகோதரியோ, எமது நிறுவனமோ அழைக்கப்பட்டால் உதவி செய்யலாம், அழைக்கப்படாவிட்டால் ஏட்டைத் திறக்கவும் கூடாது.

பாதுகாப்பையும் சொல்லியாக வேண்டும். “இணைப்பு உள்ள எவரும் திறக்கலாம்” என்ற வழியில் ஏட்டைப் பகிர்ந்தால், அந்த இணைப்பு வட்ஸ்அப்பில் கைமாறி எவரிடமும் போய்ச் சேரும். கள்ள உறுதி முடிப்பவருக்கு இதைவிட வசதி வேண்டுமா? எழுதவும் அனுமதித்து அவ்வாறு விட்டால், மாற்றியவர் பெயரற்றவராகவே பதிவாவார், யார் மாற்றினார் என்ற வரலாறு பயனற்றுப் போகும். ஒவ்வொருவரையும் அவரவர் மின்னஞ்சல் முகவரியைக் கொண்டே சேர்க்க வேண்டும். அடையாள அட்டை இலக்கம், உறுதி இலக்கம், உறுதியின் படம் என்பவற்றைப் பொது ஏட்டில் போடக் கூடாது. அவை அந்தந்தக் குடும்பத்தின் தனி உறையில் இருக்கட்டும். பொது ஏட்டில் காணியின் பெயர், உரியவர் பெயர், நான்கு எல்லை, வாழ்ந்த காலம் போதும். போர் நடந்த மண்ணில் பெயர்ப்பட்டியல் என்பது விளையாட்டுப் பொருள் அல்ல. எழுத விரும்பாத குடும்பத்தை வற்புறுத்தவும் கூடாது.

இலவசம் என்பதால் நிரந்தரம் என்று எண்ணுவதும் பிழை. இரண்டு ஆண்டு எவரும் திறக்காத கணக்குகளை அழிக்கும் நடைமுறையை 2023 டிசம்பரில் கூகுள் தொடங்கியது. முகாமில் இருந்து முகாமுக்கு மாறும்போது சிம் மாறும், தொலைபேசி மாறும், கடவுச்சொல் மறந்துபோகும். இரண்டு ஆண்டு எமது மக்களின் வாழ்வில் விரைந்து போய்விடும். மின்சாரத்தையும் முழுதாக நம்ப முடியாது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை யார் மறப்பர்?

கடதாசியை எறிந்துவிட வேண்டாம்

இணையத்தில் ஏற்றிவிட்டோம் என்று மூல உறுதியைக் கவனியாது விடுவோர் பெரும் நட்டம் அடைவர். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் எழுத்தில் முடிக்கப்பட வேண்டும். மின்னணு ஆவணங்களை ஏற்கும் 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டமும் காணி விற்பனை, அற்றோணித் தத்துவம், மரணசாசனம் ஆகியவற்றைத் தன் எல்லைக்கு வெளியே வைத்துள்ளது. கனடாவில் இருக்கும் அண்ணன் இணைய ஏட்டில் “தம்பிக்கு என் பங்கைத் தருகிறேன்” என்று எழுதினால் பங்கு கைமாறாது. உறுதி தொலைந்தவர், ஏட்டில் குறித்து வைத்த இலக்கத்தையும் திகதியையும் கொண்டு காணிப் பதிவகத்தில் உறுதிப்படுத்திய பிரதி பெற விண்ணப்பிக்க வேண்டும். ஏடு உறுதிக்கு மாற்று அல்ல, உறுதியைத் தேடிச் செல்லும் வழிகாட்டி.

திருமறையில் எரேமியா நூலின் 32 ஆம் அதிகாரம் இதைத்தான் எமக்கு நினைவூட்டுகின்றது. எருசலேம் முற்றுகையிடப்பட்டுள்ளது. இறைவாக்கினர் காவற்கூடத்தில் உள்ளார். மக்கள் நாடுகடத்தப்படப் போகின்றனர். அந்த வேளையில் அவர் அனத்தோத்தில் உள்ள உறவினரின் வயலைப் பதினேழு வெள்ளிக்காசுக்கு வாங்குகின்றார். சாட்சிகளை வைத்து இரண்டு பத்திரம் எழுதுகின்றார். ஒன்று முத்திரையிட்டு மூடியது, மற்றது எவரும் பார்க்கத் திறந்தது. இரண்டையும் பாரூக்கிடம் கொடுத்து, நெடுங்காலம் அழியாதிருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கின்றார். நாடே பறிபோகும் வேளையில் காணி வாங்கியவரைப் பைத்தியக்காரர் என்று பலர் நினைத்திருக்கலாம். திரும்பி வருவோம் என்ற நம்பிக்கையை அவர் வெறும் சொல்லாக விடவில்லை. எழுத்தில், சாட்சியோடு, இரு பிரதியாக வைத்தார். மூடிய பிரதி எமது மூல உறுதி. திறந்த பிரதி இன்று நாம் கூடி எழுதும் ஏடு.

செய்யக்கூடியவை

ஒவ்வொரு இடம்பெயர்ந்தோர் சங்கமும், மீளக்குடியேறிய கிராமமும் பின்வருவனவற்றைத் தம் கூட்டத்தில் ஆராயும்படி கேட்டுக்கொள்கின்றோம்.

1. சங்கத்தின் பெயரில் ஒரு கணக்குத் திறக்கவும். சாவி மூவரிடம் இருக்கட்டும். அவர்களில் ஒருவராவது பெண்ணாகவும் ஒருவராவது இளைஞராகவும் இருத்தல் நன்று. மீட்புக்கான தொலைபேசி இலக்கம் ஊரவர் ஒருவருடையதாக இருக்க வேண்டும்.

2. ஒரு குடும்பத்திற்கு ஒரு பக்கம். காணிப் பெயர், பரப்பளவு, நான்கு எல்லை, கிணறு, மரம், வாழ்ந்த காலம், வெளியேறிய திகதி, எந்த ஆவணம் யாரிடம் உள்ளது என்பவற்றை எழுதவும். பெண்கள் தம் சீதனக் காணியைத் தம் பெயரிலேயே எழுதவும்.

3. எண்பது வயதைக் கடந்தவர்களிடம் முதலில் கேட்கவும். அவர்களின் நினைவில் உள்ள எல்லைகளை எந்தக் கந்தோரிலும் எடுக்க முடியாது.

4. மாதம் ஒருமுறை ஏட்டைத் திறந்து பார்க்கவும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை கடதாசியில் அச்சிட்டு, கூட்டத்தில் வாசித்து, கையொப்பம் இட்டு, ஊர் ஏற்கும் இடத்தில் வைக்கவும். அது ஆலயமாக இருக்கலாம், கோவிலாகவோ பள்ளிவாசலாகவோ இருக்கலாம்.

5. அலுவலகத்திற்குப் போகும் ஒவ்வொரு கடிதத்தின் பிரதியையும் பதிலையும் திகதியோடு சேர்க்கவும்.

இதற்குப் பெரும் நிதி வேண்டியதில்லை. ஓர் உழைக்கும் தொலைபேசியும், மாதத்தில் ஒரு மாலைப்பொழுதும், உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் ஒரு பிள்ளையின் பொறுமையும் போதும். எமது பிள்ளைகள் நாள் முழுவதும் தொலைபேசியோடு இருக்கின்றனர் என்று குறைப்படுகின்றோம். அதில் ஒரு மணி நேரத்தை அம்மம்மாவின் காணிக்குத் தருமாறு கேட்போமே. தான் ஒருநாளும் மிதித்திராத வளவின் நான்கு எல்லையையும் அப்பிள்ளை தன் கையால் எழுதட்டும். அடுத்த அறிவித்தல் எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. அது வரும் நாளில், சிதறிக் கிடக்கும் அயல் ஒரே ஏட்டில் கூடி நிற்க வேண்டும். இன்றே தொடங்குவோம்.